கடன் வாங்கிய சக்கரங்கள்

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நமக்கு நெடுநாள் அறிமுகமான அன்பர் ஒருவர் தயங்கியவாறு அருகில் வந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் காய்கறிகளைக் கோவை மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்குக் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். மக்கள் 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்றே அவருடைய சொத்து.

"ஏனுங்க வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கோணுங்க" என்று தொடங்கினார். "போன வாரம் வண்டியை எஃப்.சி.க்குக் காட்டினனுங்க. டயரு நாலும் வழவழன்னு தேஞ்சு போச்சு. பட்டறையில நல்ல டயரா நாலு ஒரு நாளைக்கு வாடகைக்கு வாங்கி மாட்டிட்டுப் போனனுங்க. பாஸானதும் கழட்டிக் குடுத்துட்டனுங்க. இதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லோணுங்களா?"

நாம் உடனே விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறு பேசலாம் என்று அனுப்பிவைத்தோம். அந்த ஒரு வாரம் முழுவதும் அவருடைய கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை எண்ணிப் பார்த்தோம். அவர் யாரிடமும் ஒரு பொய் வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆய்வாளர் பார்த்த டயர்கள் உண்மையிலேயே நல்ல டயர்கள், கையூட்டும் கொடுக்கப்படவில்லை. சோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் வண்டி பட்டறையில் நின்றது. டிங்கரிங், பெயின்டிங், விளக்கு, ஒளிரும் பட்டை என்று கைப்பணம் கரைந்தது. வண்டி ஓடாத நாளில் அவர் வீட்டில் வருமானமில்லை. 'எல்லாரும் செய்வதுதானே' என்று பட்டறையில் சொன்னார்களாம். இத்தனைக்கும் பிறகு அவர் மனம் உறுத்தியிருக்கிறது என்றால், அந்த உறுத்தலுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று தோன்றியது.

இச்சோதனை எதற்காக ஏற்பட்டது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனத்தை முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதுவதில்லை. புதிய வாகனத்துக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்குச் சான்று தரப்படுகிறது. எட்டு வயது வரை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். வயது ஏற ஏறச் சோதனையும் அடிக்கடி வரவேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். மனிதராகிய நாமோ வயது ஏற ஏற நம்மை நாமே சோதித்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். இளமையில் பழகிய நன்மைகளே இறுதிவரை போதும் என்று நம்பிவிடுகிறோம்.

மோட்டார் வாகன ஆய்வாளரை நம் மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே வழங்குகிறார்கள். விளக்கு, ஒலிப்பான், ஸ்டியரிங், புகை, சக்கரம் என அவர் பார்ப்பவை பல. ஆயினும் மக்கள் நாவு பிரேக்கைத்தான் தேர்ந்தெடுத்தது. அதில் ஓர் ஆழ்ந்த பொருளுண்டு. எஞ்சின் நமக்காக உழைக்கிறது. இருக்கை நமக்குச் சுகம் தருகிறது. பிரேக்கும் அதைத் தரையில் பற்றச்செய்யும் டயரும் பெரும்பாலும் பிறருக்கானவை. எதிரே வரும் முதியவரும், சாலையைக் கடக்கும் குழந்தையும் அவற்றை நம்பித்தான் அடியெடுத்து வைக்கிறார்கள்.

இயந்திரம் அறியாத மண்ணல்ல நம் கொங்கு மண். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டுகிறார்கள். நாமக்கல் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. டயரின் வரிப்பள்ளம் எதற்கென்று இங்கே சிறுவனுக்கும் தெரியும். மழைநீரை ஒதுக்கித் தள்ளிச் சக்கரத்துக்குத் தரையைப் பிடித்துத் தருவது அந்தப் பள்ளமே. அது தேய்ந்துவிட்டால், ஐப்பசி மழையில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே செல்லும். ஆகவே, தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் வழி நமக்கு அடைபட்டிருக்கிறது.

சொல்லால் மட்டுமன்று, செயலாலும் பொய் உரைக்கலாம் என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் தெளிவான கருத்து. வெளித்தோற்றத்தால் உள்ளதை மறைத்துக் காட்டுவதையும் அவர் பொய்யின் வகையிலேயே சேர்க்கிறார். இங்கே ஏமாற்றப்பட்டவர் யார்? ஆய்வாளர் என்று முதலில் தோன்றும். ஆனால் அவருக்கு இதனால் இழப்பேதுமில்லை. மழை நாளில் துடியலூர்ச் சந்திப்பில் சாலையைக் கடக்கும் பெயர் தெரியாத ஒருவரிடமல்லவா அந்தச் சான்று, 'அஞ்சாமல் கடந்து செல், இந்த வண்டி நிற்கும்' என்று வாக்களிக்கிறது? அந்த வாக்கைத்தான் நம் அன்பர் மாலைக்குள் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தாளுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு கொடியது என்பதைத் தமிழகம் அறியும். 2012 ஜூலையில், சென்னை தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு சிறப்பு விதிகளை வகுத்தது. இன்று கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஆராய்வதைப் பார்க்கிறோம். நாட்டின் பல இடங்களில் தானியங்கிச் சோதனை நிலையங்களும் வந்துள்ளன. பிரேக்கின் விசையை மனிதக் கண்ணைவிடத் துல்லியமாகக் கருவி அளக்கும். ஆனால் டயர் யாருடையது, நாளை அது எங்கே இருக்கும் என்பதை எந்தக் கருவியும் அளக்காது.

வாசக அன்பர்களே, இந்தக் காய்கறி வண்டிக்காரரைத் தீர்ப்பிட நாம் யார்? ஆயர் பங்கு விசாரணைக்கு வருகிறார் என்றால் ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறோம். அவர் சென்றபின் கூரை ஒழுகுவதை யாரும் கேட்பதில்லை. கல்வி அதிகாரி வரும் நாளில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகள் மின்னுகின்றன. ஆசிரியப் பணியில் இருந்தபோது அந்தக் குடுவைகளைத் துடைக்கச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். தவக்காலத்தில் நாற்பது நாள் கோபத்தை அடக்கி, உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாளே வீட்டாரிடம் சீறுகிறோம். அந்த நாற்பது நாள் பொறுமையும் வாடகை டயர்தானே?

பத்துக் கன்னியர் உவமையை எண்ணிப் பாருங்கள். அறிவிலிகளான ஐவர் எண்ணெய் கேட்டபோது, முன்மதியுடைய ஐவர் கொடுக்கவில்லை. இது என்ன கல் நெஞ்சம் என்று சிறுவயதில் நாம் நினைத்ததுண்டு. இப்போது புரிகிறது. உணவைக் கடன் தரலாம், உடையைத் தரலாம். ஆயத்தமாக இருத்தலைக் கடனாகத் தர இயலாது. அது ஒவ்வொருவரும் தம் விளக்கில் நாள்தோறும் ஊற்றி வைக்கவேண்டியது. மணமகன் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. எஃப்.சி.க்கு நாள் குறிக்கப்படுகிறது. சாலையில் குழந்தை குறுக்கே ஓடிவரும் நாள் குறிக்கப்படுவதில்லை.

அடுத்த ஞாயிறு அன்பரிடம் நம் எண்ணத்தைச் சொன்னோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தேய்ந்த டயரில் ஓட்டிக்கொண்டே சொல்வதில் பொருளில்லை என்றோம். அவர் கோபிக்கவில்லை. "சரிங்க, டயர் வாங்கப் பணத்துக்கு எங்கீங்க போறது?" என்று அமைதியாகக் கேட்டார்.

அப்போதுதான் நம் அறிவுரையில் இருந்த குறை நமக்கே விளங்கியது. ஏழையிடம் நேர்மையைக் கேட்பது எளிது. அந்த நேர்மைக்கு ஆகும் செலவில் பங்கெடுப்பது கடினம். அவர் கொண்டுவரும் தக்காளியை ஒரு ரூபாய் குறைத்துக் கேட்பவர்களும் நாம்தாம். அவர் வண்டி சரியாக நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் நாம்தாம்.

செருமனியின் மன்ஹைம் நகரில் 1865-இல் மதுவாலையொன்றின் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே அப்பகுதி ஆலை உரிமையாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, தங்கள் கொதிகலன்களைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். அந்நாட்டின் இன்றைய வாகனச் சோதனை அமைப்புகள் இத்தகைய சங்கங்களிலிருந்தே வளர்ந்தவை. சோதனை என்பது அதிகாரிக்கும் குடிமகனுக்கும் இடையே நடக்கும் கண்ணாமூச்சி ஆட்டமாக இருக்கவேண்டியதில்லை. அயலார் ஒருவரையொருவர் காத்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் அது இருக்கக்கூடும்.

நம் பகுதி அன்பியக் கூட்டத்தில், ஆளைச் சுட்டாமல், இச்செய்தியை எடுத்துரைத்தோம். வாகனம் வைத்திருக்கும் எளியோருக்கென வட்டியில்லாக் கடனுக்கு ஒரு சிறு தொகை சேர்ந்தது. அன்பருக்கு முதலில் இரண்டு டயர்கள் வந்தன. மற்ற இரண்டும் மார்கழிக்குள் வந்தன. அதுவரை மழை பெய்த நாட்களில் அவர் வண்டியை எடுக்கவில்லை. அந்த நாட்களின் கூலி இழப்பை நம்மால் ஈடுசெய்ய இயலவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பிய இரவு, நமது இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தைக் குனிந்து தடவிப் பார்த்தோம். வாங்கியதிலிருந்து ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. கைக்கு வரிப்பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை.