கருத்தும் கட்டளையும்

சிறுவர் உழைப்புத் தீதென்பதைச் சிறுவர்க்கே கற்பிப்பது எங்ஙனம்? ஆரம்ப வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு வாசிப்புப் பகுதியைக் கொடுத்து, அதுபற்றி அவர்தம் கருத்தை எழுதச் செய்தல் ஒரு முறையாகும். முறை நன்றே. ஆயினும் அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. முடிவு முன்னரே வகுக்கப்பட்ட ஒன்றைப் பற்றிப் பிள்ளையிடம் கருத்துக் கேட்பது நேர்மையாகுமா?

பாகிஸ்தானியச் சிறுவன் இக்பால் மசீஹின் வரலாறு இதற்கேற்ற வாசிப்பாகும். குடும்பக் கடனுக்காக நான்கு வயதிற் கம்பளத் தறியில் அமர்த்தப்பட்ட அவன், பத்து வயதளவில் விடுபட்டான். தன்னை ஒத்தோரின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தான். 1995 இல் சுட்டுக்கொல்லப்பட்டான். இதனை வாசித்த வகுப்பினர் யாவரும், "சிறுவரை வேலைக்கு அமர்த்துதல் தவறு" என ஒரே வாக்கியத்தை எழுதினால் ஆசிரியர் மகிழலாம். அது கரும்பலகையைப் பார்த்து எழுதியதாயின், அங்கே கையெழுத்து உண்டு, கருத்து இல்லை.

வேலை யாவும் தீதன்று. பாடசாலை விட்டபின் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடும் சிறுவனும் வேலை செய்கின்றான். 1973 ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிற் சமவாயமும், உடல்நலத்தையும் கல்வியையும் கெடுக்காத இலகு வேலையை வேறாகவே நோக்குகின்றது. பிறர் ஆதாயத்துக்காக ஒரு பிள்ளையின் வளர்ச்சி விலையாக்கப்படுவதே தீது. இவ்வேறுபாட்டை மாணவன் தானே கண்டறிதல் வேண்டும்.

இலங்கையில் இவ்வினா இன்னும் நெருக்கமானது. வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. எனினும், மலையகத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட கதை யாவரும் அறிந்ததே. அத்தகைய வீட்டுப் பிள்ளையொன்று, "அக்கா அனுப்பிய காசில்தான் எனக்குக் கொப்பி வாங்கினார்கள்" என்று எழுதக்கூடும். ஆசிரியர் அதற்கு எத்தனை புள்ளி இடுவார்?

அதனைப் பிழையென வெட்டினால், அப்பிள்ளை தன் தாய் தந்தையரை எண்ணி நாணும். இனி உண்மையை எழுதாது. சரியென விட்டுவிட்டால், அநீதிக்கு ஆசிரியரும் உடந்தையாவார். செய்யத்தக்கது மூன்றாவதொன்று உண்டு. அவ்வாக்கியத்திலிருந்தே வினாவைத் தொடங்குதல் வேண்டும். 1945 இல் இலவசக் கல்வி கண்ட நாட்டில், தங்கையின் கொப்பிக்கு அக்காவின் படிப்பு விலையானது ஏன்? அவ்வுழைப்பால் ஆதாயம் பெற்றவர் யார்? பெற்றோருக்கு வேறு வழி இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பிள்ளை, குற்றத்தைத் தன் வீட்டின் மீது மட்டும் சுமத்தாது. அதனை நியாயப்படுத்தவும் மாட்டாது.

1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம், சுரண்டலினின்று காக்கப்படும் உரிமையையும், தன் கருத்தைக் கூறும் உரிமையையும் பிள்ளைக்கு ஒருங்கே வழங்குகின்றது. முன்னதைக் கற்பிக்கும் வேளையிற் பின்னதைப் பறித்தல் தகாது. சுரண்டல் தீதென்பதை ஆசிரியர் தயங்காது கூறலாம், கூறவும் வேண்டும். அது ஏன் தீதென்பதைக் கூறும் வாக்கியமோ பிள்ளையுடையதாக இருத்தல் வேண்டும். பிறர் சொற்படி இயங்கும் கையாகப் பிள்ளையை ஆக்கலாகாது என்பதன்றோ அப்பாடத்தின் பொருள்?