போர்மீண்டார்க்கு மனை கொடையோ, கடனோ?

மனிதருக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றையும் ஒருங்குவைத்து எண்ணுதல் உலக வழக்கு. இவற்றுள் முன்னைய இரண்டும் இன்று குறைவுபடினும் நாளை தேடிக்கொள்ளப்படுவன. உறையுள் அத்தன்மைத்தன்று. அஃது ஒழிந்தவிடத்துத் தொழிலுக்குச் சென்று மீளும் ஒழுங்கும், பிள்ளைகளின் கல்வியும், நோயாளிக்குப் பத்தியமும், கடிதம் வந்து சேர்தற்கு ஒரு விலாசமும் அதனோடு ஒழிகின்றன. ஆதலின், வீடிழந்தவன் மற்றெல்லாவற்றையும் வைத்தற்குரிய இடத்தை இழந்தவனாவான்.

போருக்குச் சென்று மீண்டவர் வீடின்றி அலையுமிடத்து, அவர்க்கு மனை தேடிக்கொடுத்தலும், கொடுத்த மனையில் அவர் நிலைபெறத் துணைநிற்றலும் யார்மேல் நின்ற தருமம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்தது. இது தூரதேசத்தார்க்கே உரிய கேள்வி என எண்ணுதல் பிழை. பண்ணைக் கடலைக் கடந்து வேலணைக்கு வருவோர், கூரையிழந்த சுவர்களையும், பற்றை மூடிய வளவுகளையும், அவற்றினருகே தகரக்கொட்டிலில் வாழும் குடும்பங்களையும் ஒரே ஒழுங்கையிற் காணக்கூடும்.

இந்நிலை வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்வாம். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றிய காலத்தே, வேலணையினரும் அயற்கிராமத்தாரும் பெரும்பாலும் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் பெயர்ந்தபோது, அவர்களோடு இவர்களும் இரண்டாமுறை இடம்விட்டனர். சிலர் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், பலர் கடல் கடந்து கனடா, பிரான்சு முதலிய தேசங்களுக்கும் சென்றனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. அதன்பின் முன்னாட் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டோருட் கையிழந்தாரும், காலிழந்தாரும், கண்ணிழந்தாரும் உளர், பெண்களும் உளர். வாயிலைக் கடந்து வெளியே வந்தார்க்கு, செல்லுதற்கு ஓரிடம் உண்டோ இல்லையோ என்பதே முதற்கவலையாயிற்று.

இவர்களுக்கு யார் கடன்பட்டவர்? இவ்வினாவுக்கு மூவகை விடை கூறப்படுவதுண்டு. கைம்மாறு என்பது ஒன்று. இரக்கம் என்பது ஒன்று. ஊராரது கடமை என்பது ஒன்று. இம்மூன்றையும் முறையே ஆராய்வாம்.

கைம்மாறு என்பார் கூற்று வருமாறு: போருக்கு அனுப்பியவன் மீண்டவனைப் பேணக்கடவன். இஃது ஒருவாற்றான் மறுக்கவொண்ணாத நீதியே. சிறுத்தொண்ட நாயனார் பல்லவ மன்னனுடைய சேனாபதியாய் வாதாபியை வென்று மீண்டவர் என்பதும், அவர் சிவனடியார் என்பதை அறியாது போர்முகத்துக்கு ஏவினோமே என்று அரசன் வருந்தி, மிக்க நிதியும் கொடுத்து, இனி உமது இல்லத்திலிருந்து உமது தொண்டைச் செய்வீராக என்று விடுத்தான் என்பதும் நம் மாணாக்கரும் அறிவர். நிதியை அவர் கேட்கவில்லை. அரசன் தன் கடனைத் தானே உணர்ந்தான். சோழர்காலக் கல்வெட்டுக்களிலும், போரில் உயிர்நீத்தார் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி என்று வழங்கப்படுகின்றது. பேரே பொருளை விளக்கும்.

ஆயினும் கைம்மாற்றையே முழு ஆதாரமாகக் கொள்வோமாயின் இரண்டு இடர் எய்தும். முதலாவது, கடன்பட்டவன் மறுத்தால் யாது செய்வது? அமெரிக்க தேசத்தில் முதல் உலகப்போரிற் பொருதவர்க்கு 1945ஆம் ஆண்டிலே தருவதாக எழுதிக்கொடுக்கப்பட்ட தொகையைப் பஞ்சகாலத்தில் முன்னரே தருமாறு கேட்டு, 1932ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் மனைவி மக்களோடு தலைநகரிற் குடிசையிட்டு இருந்தனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டுச் சேனையே அவர்களைத் துரத்தியது. அவர்தம் குடிசைகள் எரிந்தன. இலங்கையிலும், முதல் உலகப்போரின் நினைவாக விற்கப்பட்ட பொப்பி மலர்ப் பணத்திற் பெரும்பங்கு பிரித்தானியப் போர்வீரர்க்கே செல்ல, இந்நாட்டு முன்னாட் படையினர் புறக்கணிக்கப்பட்டனர் என்னும் குறையினின்றே 1930களின் தொடக்கத்திற் சூரியமல் இயக்கம் தோன்றியது.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. அனுப்பியவனே இல்லாதொழிந்தால் யாது செய்வது? அரசின் படையினர்க்கு ஓய்வூதியம் உண்டு. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபையும் உண்டு. முன்னாட் போராளிக்கோ தன்னை அனுப்பிய இயக்கம் இல்லை. தான் எதிர்த்துப் பொருத அரசினிடத்து நன்றியை எதிர்பார்த்தற்கும் இடமில்லை. அன்றியும், கைம்மாறென்றவுடன், அப்போர் நன்றோ தீதோ, அவர் தாமே சென்றாரோ, இளம்பருவத்திலேயே வலிந்து கொண்டுசெல்லப்பட்டாரோ என்னும் வழக்குகள் எழும். அவ்வழக்குகள் முடியுமளவும் மழை காத்திராது.

இனி, இரக்கம் என்பார் கூற்று. இரக்கம் உயர்ந்த குணமே. அதனை இகழ்வார் யாருமிலர். ஆனால் இரக்கம் கண்ணாற் கண்டபோது பெருகிக் காணாதபோது சுருங்கும் இயல்பினது. ஒரு திருவிழாக் காலத்திற் கொடுக்கப்பட்ட அரிசிப்பொதி அடுத்த மாதம் இல்லை. மேலும், இரக்கத்தாற் கொடுப்பவன் தன்னையறியாமலே நன்றியை எதிர்நோக்குகின்றான். பெறுபவன் நிமிர்ந்து பேசினால் வெகுளுகின்றான். ஒருவேளை உணவுக்கு இஃது ஆகும். ஒருவன் தன் மனைவி மக்களோடு ஆண்டுக்கணக்காக வாழும் வீட்டுக்கு இஃது அடித்தளமாதல் செல்லாது.

எஞ்சியது ஊராரது கடமை. இதுவே உறுதியான நிலம் என்பது நம் துணிபு. என்னை? இவ்விடத்து மனை கொடுக்கப்படுவது போர் செய்தமைக்காக அன்று. அவன் இவ்வூர்ப் பாடசாலையில் ஏடு தொடங்கியவன். இவ்வூர்க் கிணற்றில் நீர் அள்ளியவன். இவ்வூர்க் கோயிலில் தேர்வடம் பிடித்தவன். இடையிலே அவன் சென்ற வழியைப் புகழ்வாரும் இகழ்வாரும் இருக்கலாம். புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அவன் இவ்வூரவன் என்பது மாறாது. தந்தை மகனுக்குத் திண்ணையில் இடங்கொடுக்குமுன் அவன் செய்த செயல்களையெல்லாம் விசாரித்து முடிக்கின்றானா? விசாரணை வேறு, திண்ணை வேறு.

இதற்கு மூன்று தடைகள் நிகழ்த்தப்படும். அவற்றுக்கு விடை கூறுவாம்.

அற்றேல், வீடிழந்து துன்புறும் விதவைகளும் மீன்பிடிப்போரும் கூலியாளரும் பலர் இருப்ப, போர்மீண்டாரை மாத்திரம் முன்வைப்பதென்னை என்பது முதற்றடை. முன்வைக்குமாறு நாம் கூறவில்லை, விலக்கிவையாதிருக்குமாறே கூறுகின்றோம். பின்லாந்து தேசத்தார் செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் போரில் நிலப்பகுதியை இழந்து, கரேலியாவிலிருந்து பெயர்ந்த நாலு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் குடியேற்றவேண்டியவராயினர். 1945ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தால், பெயர்ந்தோர்க்கும், குடும்பமுடைய முன்னாட் படைவீரர்க்கும், போரிற் கணவரை இழந்தார்க்கும் ஒரே ஏற்பாட்டின்கீழ் நிலம் கொடுத்தனர். அக்காலத்து எழுந்த எளிய மரவீடுகள் இன்றும் அந்நாட்டிற் போர்வீரர் வீடு என்னும் பெயரால் வழங்குகின்றன. ஒருவர்க்குக் கொடுத்தல் மற்றவர்க்கு மறுத்தலாகவேண்டுவதில்லை. நம்மிடத்தோ போர்மீண்டார்க்கு ஒரு தனி இடர் உண்டு. அவரை வீட்டில் வைத்தால் விசாரிப்பார் வருவர் என்று அஞ்சி வாடகைக்குக் கொடாதாரும், முன்னாட் போராளியாகிய பெண்ணைச் சம்பந்தம் பேசத் தயங்குவாரும் உளர். இவ்வச்சத்தை நீக்குதல் பணத்தால் ஆவதன்று. அயலாரது வாய்ச்சொல்லால் ஆவது.

அவன் குடிப்பவன், கோபக்காரன். முன்னர்த் திருந்தட்டும், பின்னர் வீடு கொடுப்போம் என்பது இரண்டாந்தடை. பார்வைக்கு இது நியாயம்போலத் தோன்றும். அனுபவம் இதற்கு மாறாயிற்று. 1992ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், சித்தப்பிணியோடு தெருவில் வாழ்ந்தார்க்கு முன்னர் வீட்டைக் கொடுத்து, பின்னர் வைத்தியத்தை அவர் உடன்பாட்டோடு நடத்தும் முறை தொடங்கப்பட்டது. அங்ஙனம் வீடு பெற்றோர் பெரும்பாலும் அவ்வீட்டிலேயே நிலைத்தனர். வீடற்ற முன்னாட் படையினர்க்காக அத்தேசத்தார் நடத்தும் ஏற்பாடும் இரண்டு கையுடையது: வாடகையின் ஒரு பகுதியை அரசு கொடுப்பது ஒரு கை, அவர்தம் குறைகேட்டு வைத்தியசாலைக்கும் தொழிலுக்கும் வழிகாட்டும் சமூகசேவை உத்தியோகத்தர் மற்றொரு கை. 2010ஆம் ஆண்டில் ஓரிரவு எண்ணியபோது ஏறக்குறைய 74,000 ஆயிருந்த வீடற்ற முன்னாட் படையினர் தொகை, 2024ஆம் ஆண்டின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 33,000 ஆகக் குறைந்தது. உறக்கமில்லாதவனை ஒழுக்கமுடையவனாகுமாறு ஏவுதல், ஊன்றுகோலைப் பறித்துக்கொண்டு நடவென்று ஏவுதலை ஒக்கும்.

கொடுத்த வீட்டை அவன் விட்டுப்போவான் என்பது மூன்றாந்தடை. இது நிகழ்வதுண்டு. ஆயின் ஏன் நிகழ்கின்றது என்று ஆராய்தல் வேண்டும். இந்திய அரசின் உதவியால், வடக்கிலும் கிழக்கிலும் 2012ஆம் ஆண்டு முதலாகப் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. புதுவீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா, வேலை நிறைவேறும் படிமுறைப்படி, வீட்டுக்காரர் கையிலேயே பகுதிபகுதியாகக் கொடுக்கப்பட்டது. தம் வீட்டைத் தாமே கட்டுவித்தலால் அவர்க்குப் பெருமையும் பொறுப்பும் உண்டாயின. ஆனால் அத்தொகைக்குள் முடிக்கவியலாது கடன்பட்டாரும் பலர். காலிழந்தவன் தானே கல் சுமக்கவியலாமையாற் கூலிக்கும் கொடுக்கவேண்டியவனாவான். கூரை முடிந்த நாளிலே கடன்காரன் வாயிலில் நின்றால், அவ்வீட்டில் அவன் எங்ஙனம் உறங்குவான்? அன்றியும், காணியில் உரித்தில்லாதவனுக்கு வீட்டுத்திட்டம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, வீட்டைப் பெறுதல் ஒருநாட் காரியம். காத்தல் பல்லாண்டுக் காரியம். காத்தற்கு உறுதிப்பத்திரம், வருவாய், அயல் என மூன்று தூண் வேண்டும்.

இவற்றுள் முதற்றூணைப்பற்றி வேலணையார் தனித்துச் சிந்திக்கவேண்டும். இங்கு ஒருபுறம் ஆளில்லாத வளவுகள்; மறுபுறம் வளவில்லாத ஆட்கள். ஒரு வளவுக்கு உரியவர் நால்வராயின், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் பாரிசிலும், ஒருவர் கொழும்பிலும், ஒருவர் இவ்வூரிலுமாக இருப்பர், பங்கு பிரிக்கப்பட்டிராது. வீட்டைச் சும்மா விட்டாலும் ஒருவரையும் இருத்துதற்கு அவர் அஞ்சுவர். காரணம், பத்தாண்டு இடையீடின்றித் தனதென ஆண்டவனுக்கு உரித்தளிக்கும் ஆட்சியுரிமைச் சட்டமாம். இவ்வச்சம் வெற்றச்சமன்று. போரினால் தம் காணியை அணுகமுடியாதிருந்தார்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலம் பாதகமாகாதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் செய்யவேண்டி வந்ததே இதற்குச் சான்று.

ஆயினும் இதற்குப் பரிகாரமும் சட்டத்திலேயே உண்டு. உரிமையாளர் அனுமதியோடு குடியிருப்பவன், அவ்வனுமதியின்கீழ் இருக்குமளவும், எதிராட்சி செய்பவனாகான். ஆதலின், நொத்தாரிசு முன்னிலையில், இத்துணை ஆண்டுக்கு, இன்ன நிபந்தனையோடு என்று தெளிவாக எழுதி இருபாலாரும் ஒப்பமிட்ட ஓர் ஆவணம், உரியவர்க்கு அச்சத்தை நீக்கும். குடியிருப்பவனுக்கு நாளை எழுப்பப்படுவேனோ என்னும் கலக்கத்தையும் நீக்கும். வீடும் பாழாகாது, கிணறும் தூராது. வாய்ச்சொல்லால் இருத்தி, மனம் மாறியபோது எழுப்புவதே இருவர்க்கும் கேடு. நம்பிக்கையுள்ளவிடத்து எழுத்து எதற்கு என்பர் சிலர். நம்பிக்கை நெடுநாள் நிற்றற்பொருட்டே எழுத்து வேண்டும் என்பேம்.

இக்காரியத்தில் உபாத்தியாயர்களை நாம் விளித்துச் சொல்வது எதனாலெனின், ஊரில் எல்லா வீட்டு வாயிலிலும் மதிப்போடு நிற்கக்கூடியவர் அவரே. ஆறுமுக நாவலர் 1876-77 ஆண்டுகளின் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், கற்பித்தலோடு நின்றுவிடலாமா? உபாத்தியாயர் செய்யத்தக்கன பெரும் பொருட்செலவுடையன அல்ல. பிரதேச செயலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுதிக்கொடுக்கலாம். பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, பழைய உறுதி முதலியன இழந்தார்க்கு அவற்றின் பிரதியைப் பெறும் வழியைக் காட்டலாம். பிறதேசத்திலுள்ள பழைய மாணாக்கர்க்கு எழுதி, பூட்டிய வீட்டைத் தக்கவொரு குடும்பத்துக்கு ஆவணத்தோடு விடுமாறு வேண்டலாம். ஒரு பிள்ளை அடிக்கடி பாடசாலைக்கு வாராதொழியின், பிரம்பை எடுக்குமுன், அவ்வீட்டார் இடம் மாறினரோ, வாடகை தவறினரோ என்று சென்று விசாரிக்கலாம். பிள்ளையின் வரவுப்பதிவேடு வீட்டின் நிலையைக் காட்டும் முதற்கருவி.

எல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அப்பிள்ளையின் தந்தையையோ தாயையோ, முன்னாட் போராளி என்னும் பெயரால் வகுப்பிற் சுட்டாது, மற்றைப் பெற்றோரை அழைக்குமாறே ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆசனம் கொடுத்தல். பாடசாலையில் ஆசனம் பெற்றவர்க்கு ஒழுங்கையில் வணக்கம் கிடைக்கும். ஒழுங்கையில் வணக்கம் பெற்றவர்க்கு வாடகைக்கு வீடு கிடைக்கும்.

மனை கொடையோ, கடனோ என்று தொடங்கினோம். கொடையாயின் கொடுப்பவன் நினைத்தபோது நிறுத்தலாம்; கடனாயின் நிறுத்தலாகாது. அனுப்பியவர் அக்கடனைத் தீர்த்தாரோ தீர்த்திலரோ, அதனை அவர்பாற் கேட்டல் ஒரு வழக்கு, கேட்கவேண்டுவார் கேட்க. மீண்டவன் தன் ஊரிலே ஒரு கதவைத் தன் கையாற் சாத்தி உறங்குமாறு செய்தல் ஊராராகிய நம் கடன். அதனை இவ்வாண்டிலே ஒரு குடும்பத்துக்கேனும் செய்து முடிக்குமாறு திருவருள் முன்னிற்பதாக.