பின்னால் போகும்போது யார் டிரைவர்?

கயிறு கட்டி ஒரு வண்டியை இழுக்கலாம், தள்ள முடியாது. பழுதாகி நின்ற லாரியை இரும்பு பார் போட்டு இழுப்பதற்கு ஒரு காரணம் இது. இன்னொன்று, முன்வண்டி பிரேக் அடித்தால் பின்வண்டி அதன் முதுகில் மோதாமல் பார் தாங்கிக்கொள்ளும். நான் இன்ஜினியரிங் படித்தவன்தான், ஆனால் இதையெல்லாம் விழுப்புரம் பக்கத்தில் கரும்பு லாரி ஓட்டிய என் மாமாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்குக் காலி லாரி. அதுவே ஐந்தாறு டன் இருக்கும். இன்ஜின் போய்விட்டது. மாமா டிராக்டரின் பின்னால் பார் போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார். லாரியில் கிளீனர் அண்ணன் ஸ்டியரிங் பிடித்திருந்தார். திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டி நாற்பதடி போன பிறகுதான் கவனித்தோம். ஒரு பக்கம் வாய்க்கால், வளைத்துத் திருப்ப இடமில்லை. பின்னால் தள்ளியே ஆகவேண்டும்.

மாமா என் கையில் ஒரு பெரிய கல்லைக் கொடுத்தார். இன்ஜின் ஓடாத லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது. அதனால் நான்தான் பிரேக்.

முதல் தள்ளலிலேயே டிராக்டரும் பாரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கின. இழுக்கும்போது ஒரு சின்னக் கோணல் இருந்தால், போகப் போக அதுவாகவே நேராகிவிடும். தள்ளும்போது அதே கோணல் போகப் போகப் பெரிதாகும். இரண்டும் ஒரே பாதைதான், ஒரே வண்டிகள்தான். திசை மட்டும்தான் வேறு.

மாமா இறங்கி வந்து கிளீனரிடம் சொன்னார்: "முன்னால இழுக்கறப்ப நான் டிரைவர்டா. பின்னால போறப்ப நீதான் டிரைவர். ஒன் வண்டி மூக்கு எங்க போவுதோ, அங்க நான் டிராக்டரக் கொண்டாந்து நிறுத்தறேன். நீ நில்லுன்னா நிப்பேன்."

அந்த நாற்பதடிக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்று முறை பார் மடங்கியது. மூன்று முறையும் மாமா மேலும் தள்ளிச் சரிசெய்யப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினார். கிளீனர் அண்ணனின் சட்டை நனைந்துவிட்டது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும்.

இது எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது ஆபீஸ் விஷயம் ஒன்றில்.

சில வருடங்களுக்கு முன், ஒரு நள்ளிரவு ரிலீஸில், என் டீமில் இருந்த ஜூனியர் ஒருவன் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினான். டேட்டாபேஸில் ஒரு காலம் அழிந்தது. போஸ்ட்மார்ட்டம் டாக்குமென்ட்டில், "சரிபார்க்காமல் ஓட்டப்பட்டது" என்று எழுதி அவன் பெயரைப் போட்டேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. "ஓட்டிடு, நான் பார்த்துட்டேன்" என்று அவனிடம் போனில் சொன்னது நான் என்பது மட்டும் அதில் இல்லை. நான்கைந்து மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் ரோல்பேக் உண்டு. அன்றும் செய்தோம். காலம் திரும்ப வந்தது, காலியாக. உள்ளே இருந்த டேட்டாவை பேக்கப்பிலிருந்து தனியாக எடுக்க வேண்டியிருந்தது. 'ஸாரி' சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். இடம் திரும்பக் கிடைக்கிறது, உள்ளே இருந்தது கிடைப்பதில்லை.

செய்ததை அழிக்க முடியாது என்பதை ஹன்னா ஆரென்ட் 1958இல் வந்த 'தி ஹியூமன் கண்டிஷன்' நூலில் விரிவாகப் பேசுகிறார். அதற்கு அவர் சொல்லும் மாற்று மன்னிப்பு. ஆனால் யாரும் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது, அது இன்னொருவரிடமிருந்துதான் வரமுடியும் என்கிறார். இதைப் படித்தபோது தலையாட்டினேன். ஆனால் போன வருடம் அவனுக்கு போன் செய்தபோது நான் செய்தது நேர் எதிர். முழுத் திட்டத்தோடு போயிருந்தேன். லிங்க்ட்இன்னில் நடந்ததை எழுதுகிறேன், என் கம்பெனியில் உனக்கு ரெஃபரல் போடுகிறேன் என்று அடுக்கினேன். அதாவது நான்தான் ஓட்டினேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போஸ்ட்லாம் வேணாம்ணா. இப்ப இருக்கற ஆபீஸ்ல அந்தக் கதை யாருக்கும் தெரியாது. நீங்க எழுதினா தெரிஞ்சிடும்" என்றான்.

பார் மடங்கிவிட்டது. என் மனசாட்சியைக் கழுவ அவனை இன்னொரு முறை தெருவில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. தப்பு செய்தவன் நான். அதைச் சரிசெய்யும் வேலையையும் அவன் தலையில் கட்டுவதா? கிளீனர் அண்ணனின் நனைந்த சட்டையை நினைத்தால், ஆமாம், அது அநியாயம்தான். அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. வலு என்னுடையதாக இருக்கட்டும், மெதுவாகத் தள்ளுவதும் 'நில்லு' என்றால் நிற்பதும் என் பொறுப்பாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

அவன் ஸ்டியரிங்கைத் தொடவே விரும்பாவிட்டால்? அமெரிக்காவில் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஆளில்லாத காரை, நான்கு சக்கரமும் தரையில் உருள, டோ பாரில் கட்டி இழுத்துப் போவார்கள். அதை ரிவர்ஸ் எடுக்காதே, கழற்றிவிடு என்றுதான் பார் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். தள்ளினால் காரின் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பிக்கொள்ளும். டயர் தேயும், பார் வளையும். மன்னிப்புக் கேட்பதிலும் அப்படி ஒரு நிலை உண்டு. அப்போது கழற்றிவிட்டு, செய்ததைச் சுமந்துகொண்டு போவதுதான் மரியாதை.

"சரி, நான் என்ன பண்ணா உனக்கு சரியா இருக்கும்?" என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அன்னைக்கு இருந்த மேனேஜருக்கு மட்டும் ஒரு மெயில். என்னை சிசில வைங்க."

எழுதினேன். போனில் நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே போட்டேன். மேனேஜரிடமிருந்து ஒரு வரி வந்தது, தெரியப்படுத்தியதற்கு நன்றி என்று. அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. இரண்டு முறை போனை எடுத்து அவன் நம்பர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன்.