கொல்லாமல் விட்டுவருதல்

பூனையை அடித்தோ எரித்தோ கொன்ற ஒருவனின் காணொளி பரவினால் ஊர் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொதிப்பில் ஒரு வசதியும் இருக்கிறது. குற்றவாளி எப்போதும் வேறு யாரோ. தெருப்பூனை படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தால் கொடியவர்களைவிட நல்லவர்களின் பங்குதான் அதிகம் உறுத்துகிறது. எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடும் வீடு, காக்கைக்கு வைக்காமல் சாப்பிட உட்காராத வீடு, ஒரு சாயங்காலம் நான்கு குட்டிகளைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வண்டியில் வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வருகிறது. கேட்டால், "கொல்லலையே, விட்டுட்டுத்தானே வந்தோம்" என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் எவ்வளவு?

விருத்தாசலம் போன்ற ஊரை மனத்தில் வைத்து இதை யோசிப்பது நல்லது. நெல்லும் மல்லாட்டையும் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அங்கே இருக்கிறது. பெரிய ரயில் சந்திப்பு இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, கோப்பை, மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள் செய்யும் செராமிக் பட்டறைகள் இருக்கின்றன. தானியம் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பூனை வரும். சூளையின் வெதுவெதுப்பும் மூட்டை மறைவும் குட்டி போட ஏற்ற இடங்கள். பூனையை மனிதன் காட்டிலிருந்து பிடித்துக் கட்டி வளர்க்கவில்லை, தானியம் சேர்த்து வைத்த குடியிருப்புகளைத் தேடி அதுவே வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். அத்தனை பழைய உறவு இது. ஆனாலும் மாட்டைப்போல் பூனை நம் சொத்தாகிவிடவில்லை, நரியைப்போல் அந்நியமாகவும் இல்லை. தெருப்பூனையைப் பற்றிய அறக் குழப்பமெல்லாம் இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலிருந்துதான் வருகிறது.

விட்டுவிட்டு வருபவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரு பட்டறையில் வார்த்தெடுத்த பச்சைப் பொருள்கள் பலகையில் வரிசையாகக் காய்கின்றன. சூளைக்குப் போகாத மண். தொட்டாலே விரல் பதியும். அதன்மேல் பூனை ஒருமுறை குதித்தால் ஒருவரின் நாள் உழைப்பு போயிற்று. வீடுகளிலும் அப்படித்தான்: கோழிக்குஞ்சு காணாமல் போகிறது, மொட்டைமாடியில் நாற்றம், மூச்சிரைப்பு உள்ள குழந்தை. இவை சாக்குப்போக்கு அல்ல, உண்மையான தொல்லைகள். இவற்றைச் சொல்பவரை இரக்கமற்றவர் என்று ஏசிவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துபோகும், பூனைக்கும் ஒரு நன்மை கிடைக்காது.

தொல்லை உண்மை என்பதால் தீர்வும் சரியாகிவிடாது. கண் திறந்து சில வாரமே ஆன குட்டிக்கு வேட்டை தெரியாது, தாயின் சூடு இல்லாமல் அதன் உடம்பு தாங்காது. பாலூட்டும் தாயைத் தனியே கொண்டுபோய் விட்டால் இங்கே குட்டிகள் சாகும். வளர்ந்த பூனையை விட்டாலோ, அது பழகிய இடத்தைத் தேடிக் கிளம்பிச் சாலையைக் கடக்கும். போகிற வழியெல்லாம் நாய்கள், வேறு பூனைகள். இதெல்லாம் விடுபவருக்குத் தெரியாதா? தெரியும். சாக்கின் வாயை ஏன் கட்டுகிறார்கள்? வழி பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடக் கூடாது என்றுதானே? திரும்பி வர அது தவிக்கும் என்று தெரிந்தே கட்டுகிறோம். பிள்ளைகள் டியூஷன் போன நேரம் பார்த்து இதைச் செய்கிறோம். செய்யும்போதே மறைக்க வேண்டியிருக்கிற காரியத்தைப் பற்றி மனசாட்சி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கொன்ற பாவம் வேண்டாம் என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. சாவை நம் கண்ணிலிருந்து அப்புறப்படுத்திவிட்டால் அந்த அச்சமும் தீர்ந்துபோகிறது. அச்சம் நம்மைப் பற்றியதாக இருந்ததே காரணம். பூனையைப் பற்றியதாக இருந்திருந்தால் அதன் வலி எங்கே நடந்தாலும் ஒன்றுதான் என்று பட்டிருக்கும்.

கொடுமை செய்வது வேறு, விட்டுவருவது வேறு என்பதைச் சட்டமும் ஏற்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் விலங்குவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் வழியே பிறந்தது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவதை அதன் 11-ஆம் பிரிவு அடித்தல், உதைத்தல் வரிசையிலேயே வைக்கிறது. தண்டனையைப் பார்த்தால்தான் வருத்தம்: முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். பல ஆண்டுகளாகத் தொகை அப்படியே நிற்கிறது. டீக்கடையில் கொடுக்கிற காசு. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பற்றிப் பழைய தண்டனைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு பேசியபோது, 10 ரூபாயாவது மதிப்புள்ள விலங்கு என்று விலை கட்டியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அந்த விலை இல்லை. ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஆனாலும் அது இன்னும் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையிலேயே இருக்கிறது. யாருக்கும் சொத்தாகாத தெருப்பூனை அங்கே எங்கே நிற்கும்? சட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

"மனுஷனுக்கே சோறில்லாதப்ப பூனைக்கு என்ன?" என்ற கேள்வி தொல்லை என்ற வாதத்தைவிடக் கனமானது. விருத்தாசலத்தில் இருப்பவர் இதற்குப் பதில் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கியபோது அவர் முதலில் பார்த்தது மனிதப் பசியைத்தான். ஜீவகாருண்ய ஒழுக்கம் பற்றி எழுதும்போது, காட்டு உயிர்களுக்கு இயற்கையாய் உணவு கிடைக்கிறது, மனிதர் தம் வாழ்வுக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்ட மாடு, ஆடு, குதிரை போன்றவற்றின் பசியை அவர்களே தீர்க்க வேண்டும் என்ற பொருளில் ஓர் எல்லையும் வகுத்தார். பூனை இந்த எல்லையின் எந்தப் பக்கம்? ஊரின் எலியைத் தின்ன விட்டவர்கள், மிச்ச மீனைப் போட்டுப் பழக்கியவர்கள், இனி அது காட்டு உயிர் என்று சொல்ல முடியாது. தவிர, மனிதப் பசியைக் காட்டிப் பூனையைச் சாக்கில் கட்டும் கை அந்த மிச்சச் சோற்றைப் பசித்த மனிதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதில்லை.

சோறு வைப்பதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. பாலும் தயிர்சோறும் அதற்கு உணவாகாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து இல்லாமல் நாளடைவில் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதே இல்லை. சைவ வீட்டில் இது நெருடத்தான் செய்யும்: ஓர் உயிரின்மேல் இரங்கினால் இன்னோர் உயிரை இரையாக்க வேண்டியிருக்கிறது. இந்த நெருடலுக்கு முழுத் தீர்வு கிடையாது. ஆனால் மீனைத் தொட மாட்டாத கை கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கலாம். அதுதான் இரண்டில் பெரிய உதவியும்கூட. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகவும் கூடும். தீனி மட்டும் வைத்துக் கருத்தடை செய்யாமல் விட்டால், அடுத்த ஆண்டுச் சாக்குகளுக்கு வேண்டிய குட்டிகளை நாமே பெருக்குகிறோம். வயிறு நிரம்பிய பூனையும் அணிலையும் குருவியையும் பிடிக்கும் என்பதால் அவற்றின் கணக்கும் இதில் சேரும். புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே சென்னையில் தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. பேச்சும் பணமும் இன்றுவரை பெரும்பாலும் நாயைச் சுற்றியே இருக்கின்றன. பூனை கடிப்பது குறைவு, குரைப்பதில்லை, எனவே யாரும் மனுக் கொடுப்பதுமில்லை.

விழிப்புணர்வு என்று கிளம்புகிறவர்கள் பூனை அழகானது, அன்பானது என்று பேசிப் பயனில்லை. பூனையைப் பிடிக்காதவருக்கும் அதைச் சாகவிடாதிருக்கும் கடமை உண்டு. அவருக்கு வேண்டியது செய்தி: காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும், ஒரு மாத்திரை போதும். விஷம் தின்ற எலியைத் தின்ற பூனையும் சாகலாம். தாய் சில மணி நேரம் காணாததால் குட்டிகள் அநாதையாகிவிடவில்லை, அது இரை தேடப் போயிருக்கும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்; வெறிநோய் பூனை வழியாகவும் வரும். இந்தக் கடைசிச் செய்தியைப் பூனைப் பிரியர்கள் அடக்கி வாசிக்கிறார்கள். அது தவறு. ஆபத்தை மறைத்துச் சேர்த்த இரக்கம் முதல் கடியிலேயே வெறுப்பாகிவிடும்.

மறுபடியும் பட்டறைக்கு வருவோம். குட்டி போட்ட பூனைக்கு அந்த ஒரு முதலாளி மட்டும் பொறுப்பாக வேண்டும் என்பது நியாயமில்லை. வரிசையிலிருக்கும் எல்லாப் பட்டறைகளிலும் அது எலி பிடித்திருக்கிறது; செலவும் வரிசை முழுக்கப் பகிரப்பட வேண்டும். நாலைந்து பேர் பங்கு போட்டால் அறுவைச் சிகிச்சைக்கான பணம் யாருக்கும் பாரமாகாது. மெருகு கெட்டு விலைபோகாத கிண்ணங்கள் அந்தப் பட்டறைகளிலேயே கிடைக்கும், தண்ணீர் வைக்க அவை போதும். பச்சைப் பொருள் காயும் பலகைகளுக்கு முன்னால் ஒரு வலையடித்துவிட்டுக் குட்டிகளை இரண்டு மாதம் தாயோடு விட்டுவைக்கலாம். அதற்குள் கேட்கிற வீடுகளுக்கு அவற்றைச் சொல்லி வைத்துவிட்டு, தாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டுவிடலாம்.