கடல் இல்லாத ஊரின் கடன்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசு வைத்த தடை அது. அந்த இரண்டு மாதமும் திண்டுக்கல்லில் மீன்கடைகள் பூட்டிக் கிடப்பதில்லை. ராமேஸ்வரத்து வண்டி நின்றால் கேரளத்து வண்டி வருகிறது. அங்கே டிராலிங் தடை தொடங்குவது ஜூனில்தான். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். அணையிலும் குளத்திலும் பிடித்த கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் தராசில் ஏறும். விலை கூடும். வாங்க வந்தவர் முணுமுணுத்துவிட்டு அரைக் கிலோ குறைத்து வாங்கிப் போவார். கடலில் ஒரு தடை நடக்கிறது என்பது அவர் வரையில் அந்த விலைதான்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் வெகுதூரம் தள்ளி இருக்கிற ஊர் இது. கடலில் மீன் அருகி வருவதில் இந்த ஊருக்கும் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

மீனே தொடாதவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. விசைப்படகின் இழுவை மடி கடலின் அடித்தரையைத் துழாவிக்கொண்டு வரும். அதைத் தளத்தில் கொட்டியதும் கை முதலில் இறாலைத் தேடும். பிறகு கணவாய், நண்டு, விலைபோகும் மீன். மிஞ்சிக் கிடப்பதில் விரல் நீளம் கூட வளராத சங்கரா இருக்கும், காரல் இருக்கும், பேர் தெரியாத குஞ்சுகள் இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் அதற்குச் சங்காயம் என்று பெயர். அதை மணலில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி, கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். சோயாவோடும் மக்காச்சோளத்தோடும் கருவாட்டுத் தூளும் சேருகிற தீவனம் உண்டு. முட்டை சைவமா அசைவமா என்று நம் வீடுகளில் நடக்கும் வாதத்துக்கு இப்படியும் ஒரு கிளை இருக்கிறது.

நகரத்து வாடிக்கையாளர் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: “நான் ஒருத்தன் வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும்? அடுத்தவர் வாங்கிப்போவார்.” இதே பேச்சைக் கடலிலும் கேட்கலாம்: “நான் விட்டுவைத்த மீனை அடுத்த படகு அள்ளிக்கொண்டு போய்விடும்.” கனடாப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இல் எழுதிக் காட்டியது இந்த இரண்டாவது பேச்சின் கணக்கைத்தான். உடைமையாளர் இல்லாத கடலில், பிடிக்காமல் விடுபவருக்கு ஆதாயம் இல்லை. ஆகவே வருமானமும் செலவும் சமமாகும் வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் உழைப்பார்கள், ஒருவர் கையிலும் மிச்சம் நிற்காது. இப்படி உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டாலர் அளவுக்கு இழக்கிறது என்று உலக வங்கியும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் 2009-இல் மதிப்பிட்டன.

இரண்டு பேச்சும் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை. படகுக்காரருக்குக் கடன் இருக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரி, தான் சொல்லும் விலைக்கு மீனை எடுப்பார். டீசல் கழித்த பிறகுதான் ஆட்களுக்குப் பங்கு. ஒரு நாள் கரையில் நின்றால் அடுப்பு வரை அது தெரியும். திண்டுக்கல்காரர் குஞ்சு சங்கராவை வேண்டாம் என்று சொன்னால் அன்றைய குழம்பில் வேறு மீன் கொதிக்கும், அவ்வளவுதான். நெருக்கடி உள்ளவர் சொல்லும்போது காரணமாக நிற்கும் சொல், நெருக்கடி இல்லாதவர் வாயில் வெறும் சாக்கு.

படகுக்காரர்மேல் மட்டும் பழிபோடவும் முடியாது. அரை நூற்றாண்டுக்கும் முன்பே இழுவைப் படகைக் கரைக்குக் கொண்டுவந்ததே அரசுதான். 1950-களில் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம், பிறகு இறால் ஏற்றுமதி, அதற்கு மானியம், கடன். டாலர் வந்தபோது அதற்கு வளர்ச்சி என்று பெயர். தரை சுரண்டப்பட்டு நாட்டுப்படகுக்காரரின் வலை கிழிந்தபோது மோதல் வந்தது. பாக் நீரிணையில் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று பிரித்துக்கொண்டதும், கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கிய 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்விளைவுகள்.

பாக் நீரிணையின் எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழர்களே. இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு முழுதாகக் கடலுக்குத் திரும்பிய வடமாகாண மீனவர்களின் சிறு வலைகள் நம் இழுவைப் படகுகளில் சிக்கி அறுந்தன. இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இங்கே, இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற மானியத் திட்டம் வந்தது. 2,000 படகு என்ற இலக்கை அது எட்டவில்லை. நம் மீனவர் கைதாகும்போது பதறுகிறோம், பதறத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்து மீனவரின் அறுந்த வலைக்கும் அதில் பாதியாவது பதறியிருந்தால், நம் இன உணர்வின்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் கடலே சூடாகிறது. புவியில் சேரும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. மத்தி மீனின் கதையைப் பார்க்கலாம். கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. மிகையாகப் பிடித்ததும் காரணம், கடல் சூழல் மாறியதும் காரணம். ஒரு காலத்தில் மலபார்க் கரையோடு நின்ற அந்த மீன் தமிழகக் கரைக்கு வரத் தொடங்கியதும் இதே மாற்றத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. பிறகு சாதகமான பருவம் அமைந்ததும் லட்சம் டன்னைத் தாண்டி மீண்டு வந்தது. இதை வைத்து, “கடல் தானே கெடுத்தது, தானே கொடுத்தது, கட்டுப்பாடு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. மீண்டுவர விதை மீன் மிஞ்சியிருந்ததே, அது எப்படி மிஞ்சியது என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. கேரளம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று வைத்த விதியின் நியாயம் அங்கே இருக்கிறது. வெப்பத்தை மீனவர் குறைக்க முடியாது. அதைக் கூட்டியதில் நாட்டுப்படகுக்காரரின் பங்கு, குளிர்பெட்டியில் மீன் வைத்திருக்கும் வீட்டின் பங்கைவிடக் குறைவு.

கட்டுப்பாடு என்பது திண்டுக்கல் சமவெளிக்குப் புதிதன்று. நத்தம், சாணார்பட்டிப் பக்கம் கோடையில் குளம் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். அதுவரை யாரும் குளத்தில் கை வைக்கக் கூடாது. நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். விடியலில் ஊத்தா, கச்சா, வலை என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் ஆள் நிற்கும். சாமி கும்பிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் கால் சேற்றில் இறங்கும். சிக்கியது விராலோ கெளுத்தியோ, விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம். இதையே கடலுக்குப் பாடமாக எடுத்துவைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் குளத்துக்குக் கரை உண்டு, அடுத்த மழை உண்டு. அன்றைக்கே வழித்தெடுத்தாலும் குஞ்சு வாங்கி விடலாம். கடலுக்கு இதில் எதுவும் இல்லை. குளத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றே: எல்லாரும் ஒன்றாகக் காத்திருந்தார்கள், ஆகவே காத்திருந்ததால் யாரும் ஏமாறவில்லை.

கடலின் 61 நாளில் காத்திருப்பு முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் காத்திருக்கிறார், சாப்பிடுகிறவர் காத்திருப்பதில்லை. அதற்காக மீனை விட்டுவிடச் சொல்வது சரியான தீர்வில்லை. ஊரே மீனை ஒதுக்கினால் முதலில் அடிபடுவது, கடலைக் குறைவாகக் கெடுத்த நாட்டுப்படகுக்காரர்தான். குஞ்சு மீனுக்கு விலை வைக்காமல் இருப்பது வாடிக்கையாளரால் ஆகிற காரியம். ஆனாலும் பெட்டியில் ஐஸுக்கடியில் கிடக்கும் குஞ்சு ஏற்கெனவே செத்தது. உண்மையான கட்டுப்பாடு மீன் இறங்கும் துறையில்தான் நடக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் பெரிய கடன் பணத்தில் இருக்கிறது. தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக மாநில அரசு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்தது. சேமிப்பும் நிவாரணமும் சேர்ந்த வேறு திட்டங்கள் இருந்தாலும், தடைக்கென்று வருவது இதுதான். 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2024-25-இல் நாட்கூலி 319 ரூபாயாக இருந்தது. ஊருக்காகக் குளம் வெட்டினால் அது வேலை, ஊருக்காகக் கடலை விட்டுவைத்தால் அது நிவாரணம்! இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம். படகு கடலுக்குப் போக விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறோம், போகாமல் நிற்க அரைக்கூலி கூடக் கொடுப்பதில்லை. இரண்டு செலவிலும் திண்டுக்கல்லின் வரிப்பணம் இருக்கிறது. முதல் செலவைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டச் சொல்ல இந்த ஊருக்கு உரிமை உண்டு. அதனால் மீன் விலை ஏறினால், முணுமுணுக்காமல் கொடுக்கவும் வேண்டும்.