நிற்க இயலாதவனின் தொழுகை



தொழுகையில் நேராக நிற்பது கடமை. ருகூஉவிலிருந்து நிமிர்ந்து, உடல் அசைவற்று அமைதி கொள்வதும் அவசியம். அப்படியானால், கையும் காலும் தன் சொல் கேளாத, மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை அல்லாஹ்வின் சந்நிதானத்தில் எப்படி நிற்பான்? "பாவம், அவனுக்கு எந்தக் கடமையும் இல்லை" என்று ஒதுக்கிவிடும் வீடுகள் சின்னசேலத்திலும் உண்டு, எவ்வூரிலும் உண்டு. அந்த இரக்கம் நியாயந்தானா?

முதலில் நோயை அறிவோம். கருவிலோ, பிரசவ வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் சேதம் இது. மூளை தசைகளுக்கு இடும் கட்டளை பிறழ்கிறது. சிலருக்குத் தசை விறைக்கிறது. சிலருக்கு உடல் தானே நெளிகிறது. சிலருக்குச் சமநிலை தவறுகிறது. இது தொற்றுவதில்லை; எவருடைய பாவத்துக்கும் தண்டனையுமல்ல. நாக்குக் குழறுவதால் அறிவும் குழறுகிறதென்று முடிவு கட்டுவது பெரும் அநீதி. பலருக்கு அறிவு நிறைவாகவே இருக்கிறது.

மார்க்கக் கடமை அறிவையும் பருவத்தையும் பொறுத்தது, கால்களைப் பொறுத்ததன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். தலையசைவே ருகூஉவாகும், சுஜூதாகும். அதற்கும் இயலாதவர் விஷயத்தில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின் சட்டம் வேறுபடுவதால் உலமாக்களிடம் கேட்டறிக. விளங்கும் பிள்ளைக்குத் தொழுகையைக் கற்பிக்காமல் விடுவது இரக்கமல்ல. அவனுடைய பங்கைப் பறிப்பதாகும்.

இயன்ற அளவே கடமை. ஆனால் அவனுடைய 'இயன்ற அளவு' பாதி நம் கையில் இருக்கிறதே! படுத்த படுக்கையாக விட்டால் தசை சுருங்கும், மூட்டு இறுகும். இன்று உட்காருகிறவன் நாளை உட்கார இயலாதவனாவான். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தையை, நம் தாய்மார் வழக்கப்படி, கால்கள் இருபுறமும் விரிய இடுப்பில் வைத்துத் தூக்குவது நல்லது. சுவர் மூலையில் சாய்த்து உட்கார வைத்தால் முதுகு தாங்கப்படும். கைகள் முன்வந்து விளையாடும். நாற்காலியில் பாதங்கள் பலகையில் பதியட்டும். தலையைப் பின்னே சாய்த்துச் சோறூட்டினால் புரையேறும். அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்றதை இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார்.

சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனம் இத்தகைய பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்து உரிமைகளை வழங்கியிருக்கிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டதால் சின்னசேலத்தார் அடையாள அட்டைக்காக விழுப்புரம் வரை அலைய வேண்டியதுமில்லை.

பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு 'அபஸ' சூரா இறங்கியதை அறிந்த சமுதாயம் நாம். நம் பள்ளிவாசல் படியோரம் ஒரு சாய்தளமும், ஸப்பின் ஓரம் ஒரு நாற்காலிக்கு இடமும் உண்டா? மறுமையில் அந்தப் பிள்ளையிடம் எப்படித் தொழுதாய் என்று கேட்கப்படுமுன், எப்படி உட்கார வைத்தீர்கள் என்று நம்மிடம் கேட்கப்பட்டால் என்ன சொல்வோம்?

அமானிதத்தைப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.