திடலில் ஏமாற்று, வாழ்வில் வஞ்சகம்

சுங்கைப் பட்டாணியை அடுத்த பாக்கார் ஆராங்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள அன்பர்க்குச் சடுகுடு புதிதன்று. பாடிச் செல்பவன் ஒருவன். எதிர் நிற்போர் எழுவர். அவன் பார்க்கவேண்டியது முகத்தையன்று, கால்களை. ஓரத்து ஆள் அஞ்சியவன்போல் ஒதுங்குவான். நம்பி உட்புகுந்தால், கைகோத்தோர் வளைத்துக்கொள்ள, ஒதுங்கியவனே கணுக்காலைப் பற்றுவான். அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்திலும் இதே கதை: பந்தெறிபவன் பின்வரிசைக் காவலர் நிற்கும் இடங்கண்டு அவர்தம் திட்டத்தை ஊகிக்கிறான், ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் இடம் மாறிவிடுகின்றனர்.

இவ்வேமாற்று அறமாகுமோ? குற்றமன்று என்பதே நம் துணிபு. பிடிக்கவே நிற்கின்றனர் என்பதைக் கோடு தாண்டுமுன்னரே அவன் அறிவான். விதி இரு திறத்தார்க்கும் ஒன்று. அடுத்த முறை பிடிக்க நிற்பவன் அவனே.

வஞ்சகத்தின் இலக்கணம் வேறு. தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை, கங்காணிகள் ஊரூராய் ஆள் சேர்த்தனர். கூலியையும் வாழ்வையும் மிகைப்படுத்திக் கூறியோர் அவருள் பலர். கேட்டவனோ, தன்னைப் பிடிக்க ஒருவன் நிற்பதையே அறியான். விதி அவனுக்குச் சொல்லப்படவில்லை. தோற்றபின் மறு ஆட்டமும் இல்லை.

ஆதலின், பிள்ளைகள் திடலில் ஏமாற்றக் கற்பது குறித்து நாம் வருந்தவேண்டா. சீட்டுப் பணத்திலும் சம்பளக் கணக்கிலும் அவ்வித்தை புகாமற் காப்போம். எதிரியின் கால்களைப் படிக்கத் தெரிந்த நாம், கைநாட்டு வைக்குமுன் பத்திரத்தையும் படிக்கக் கற்போமாக.